குதிரை தீவன அறைக்குள் புகுந்து தின்றுவிட்டால்: அறிகுறி வாரியாகச் செய்யவேண்டியவை

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் இருக்கும் தசை வளையம் அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது போனதுதான், குடல் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். இரைப்பையும் பெரியதல்ல, அத்தனை பெரிய உடம்புக்கு 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதனால் மூட்டையைக் கிழித்துத் தானியம் தின்ற குதிரையை, "ஒரு வேளை பட்டினி போட்டால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடக்கூடாது.

இதில் ஆளை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. தின்று முடித்த முதல் சில மணி நேரம் குதிரை மிக நன்றாக இருக்கும். காதை நிமிர்த்தி, கண் தெளிவாக, இன்னும் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு நிற்கும். சிகிச்சை நன்றாக வேலை செய்யும் நேரமும் அதுதான். அறிகுறிகளை வரிசைப்படுத்தும்போது "அறிகுறியே இல்லை" என்பதை முதலில் வைத்து, அதற்கே அதிக இடமும் கொடுத்திருப்பது அதனால்தான்.

எந்த அறிகுறியும் இல்லை, நன்றாகத்தான் நிற்கிறது

முதலில் குதிரையைத் தீவனத்திலிருந்து பிரியுங்கள். வாளியில், தொட்டியில், தரையில் சிந்திக் கிடப்பது உட்பட எதுவும் அதன் வாய்க்கு எட்டக்கூடாது. பச்சைப் புல்வெளியிலும் விடவேண்டாம். அப்புறம் உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள். நடு ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதால் இழக்கும் அளவுக்கு வேறு எதிலும் இழப்பதில்லை.

அவர் வருவதற்குள், அல்லது போனிலேயே, சில கேள்விகள் கேட்பார். என்ன தீவனம்? எவ்வளவு தின்றிருக்கும்? எப்போது? குதிரையின் எடை என்ன? இதற்கு முன் குளம்பு நோய் (லேமினைடிஸ் என்னும் குளம்பு அழற்சி) வந்திருக்கிறதா?

எவ்வளவு தின்றது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். மீதி இருப்பதை எடை போடுங்கள். மூட்டையில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால் கழித்துப் பார்க்கலாம். தெரியாவிட்டால் அதிகமாகத் தின்றது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று குதிரைகள் புகுந்திருந்தால், ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கு போட்டுக் கணக்குப் பார்ப்பது பெரிய தப்பு. மந்தையில் மேலாதிக்கம் செய்யும் குதிரை மற்றதை அண்டவே விட்டிருக்காது. ஒவ்வொன்றும் முழுவதையும் தின்றதாக வைத்துத்தான் பார்க்கவேண்டும். நேரத்திலும் அப்படித்தான். நீங்கள் கண்டுபிடித்த நேரம் கணக்கில்லை, கதவு மூடியிருந்ததை யாராவது கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்து எண்ணுங்கள்.

எடை தெரியாவிட்டால் ஒரு அளவு நாடா போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,877 ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். சுற்றளவு 170, நீளம் 160 என்றால் ஏறக்குறைய 390 கிலோ.

இந்த எடை எதற்கு? ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து என்பது பத்திரமான அளவு. 2 கிராமைத் தாண்டினால் சிறுகுடல் செரிக்க முடியாமல் பின்குடலுக்குத் தள்ளிவிடும். 400 கிலோ குதிரைக்கு 400 கிராம் மாவுச்சத்து என்றால், மக்காச்சோளத்தில் அது சுமார் 600 கிராம்தான். ஒரு வாளி மக்காச்சோளம் எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தீவனமும் ஒரே அளவு ஆபத்தில்லை. கோதுமை, மக்காச்சோளம், பார்லி மூன்றும் மோசம். ஓட்ஸில் மாவுச்சத்து குறைவு, இருப்பதும் சிறுகுடலிலேயே நன்றாகச் செரிக்கும் என்பதால் ஓரளவு தேவலாம். நன்றாக அரைத்த தானியம் முழுத் தானியத்தைவிட வேகமாகப் புளிக்கும். உலர்ந்த சுகர் பீட் (சர்க்கரை எடுக்கும் கிழங்கு) சக்கை வில்லைகள் ஈரம் பட்டால் பல மடங்கு ஊதும், அதில் பயம் வேறு வகை, உணவுக்குழாய் அடைப்பு. உலர்புல்லை மட்டும் கூடுதலாகத் தின்றிருந்தால் இவ்வளவு பதற்றம் வேண்டாம், தண்ணீர் குடிக்கிறதா, சாணம் போடுகிறதா என்று ஒரு நாள் கவனித்தால் பெரும்பாலும் போதும்.

செரிக்காத மாவுச்சத்து பின்குடலில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இந்த அவசரம் புரியும். அங்கே நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. மாவுச்சத்து வந்து குவிந்ததும் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் தலைதெறிக்கப் பெருகுகின்றன. அமிலம் ஏறுகிறது, பழைய நுண்ணுயிர்கள் செத்து விழுகின்றன, அவற்றின் உடலிலிருந்து நச்சுப்பொருள்கள் வெளியேறுகின்றன. அமிலத்தால் ஏற்கெனவே புண்பட்ட குடல்சுவர் அந்த நச்சை ரத்தத்துக்குள் விட்டுவிடுகிறது. ரத்தத்தோடு அது உடம்பெல்லாம் சுற்றும். கடைசியில் அடி விழுவது குளம்பில். இத்தனையும் உள்ளே நடந்துகொண்டிருக்கும்போது வெளியே குதிரை சாதாரணமாக நிற்கும்.

மருத்துவர் வந்ததும் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, தங்கியிருக்கும் தானியத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுப்பார். அப்புறம் அதே குழாய் வழியாக லிக்விட் பாரஃபின், கரித்தூள் போன்றவற்றைச் செலுத்துவார். நச்சின் தாக்கத்தைக் குறைக்க ஃப்ளூனிக்ஸின் என்ற வலி, அழற்சி மருந்து போடுவதும் உண்டு. தானியம் இரைப்பையில் இருக்கும் வரைதான் கழுவி எடுக்க முடியும். சில மணி நேரத்தில் அது குடலுக்கு இறங்கிவிடும்.

நீங்கள் செய்யக்கூடாதவை: எண்ணெயையோ வேறு மருந்தையோ வாய் வழியாகப் புகட்டாதீர்கள். குதிரை தலையைத் தூக்கி ஒரு மிடறு தப்பாக விழுங்கினால் அது நுரையீரலுக்குப் போகும், அதற்கு அப்புறம் நிமோனியாவோடு போராடவேண்டியிருக்கும். நீங்களாகக் குழாய் விட முயலாதீர்கள். கையில் வலி மருந்து இருக்கிறதே என்று கொடுத்துவிடாதீர்கள். வலி மறைந்தால் மருத்துவருக்கு நிலைமை தெரியாது, ஒரே வகை மருந்து இரண்டு முறை விழுந்தால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும். உலர்ந்த தானியம் வயிறு முட்ட இருக்கும்போது ஒரே மூச்சில் ஒரு வாளித் தண்ணீர் குடிக்கவும் விடவேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாமா, மொத்தமாக நிறுத்தவேண்டுமா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

செய்யவேண்டியது ஐஸ். நிறையப் பேர் குளம்பில் நோய் வந்த பிறகுதான் ஐஸ் தேடுகிறார்கள். வருவதற்கு முன்பே வைத்தால்தான் முழுப் பலன். ஆஸ்திரேலியாவில் வான் எப்ஸ், பொல்லிட் இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து ஐஸில் வைத்த காலில் குளம்புத் திசுவின் சேதம் பெருமளவு குறைந்தது. ஐஸ் பொட்டலத்தைக் குளம்பின் மேல் கட்டிவைப்பது போதாது. ஐஸும் தண்ணீரும் கலந்த கலவைக்குள் குளம்பு முழுதும் மூழ்கி, முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை நனைந்திருக்கவேண்டும். குளம்பின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கவேண்டும், அதுவும் விட்டுவிட்டு இல்லாமல், ராத்திரி பகலாக 48 முதல் 72 மணி நேரம். ஒன்றிரண்டு மணிக்கு ஒரு முறை ஐஸ் சேர்க்கவேண்டும். தடிமனான பெரிய பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி மேலே கட்டிவிட்டால் உயரமான வாளியைவிடச் சௌகரியம், குதிரை நகர்ந்தாலும் கூடவே வரும். வேலை கடுமையானது, முறை வைத்து ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு காலுக்கும் முடியாவிட்டால் முன்கால் இரண்டுக்காவது செய்யுங்கள், எடையில் பெரும்பங்கைத் தாங்குவது அவைதான்.

இந்த நேரத்திலேயே ஒரு தாளில் எழுதத் தொடங்குங்கள். இதயத்துடிப்பு (ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44), மூச்சு (8 முதல் 16), உடல்வெப்பம் (37.2 முதல் 38.3 டிகிரி), ஈறின் நிறம், சாணம், வயிற்றுச் சத்தம், குளம்பு நாடி (பார்க்கும் விதம் கீழே நொண்டல் பகுதியில்). முதல் நாள் இரண்டு மணிக்கு ஒரு முறை பாருங்கள். துடிப்பு 40-இலிருந்து 52-க்கு ஏறியது என்ற ஒரு வரி, "கொஞ்சம் சோர்வாக இருக்கிறது" என்று சொல்வதைவிட மருத்துவருக்கு எவ்வளவோ உதவும்.

மூக்கில் தீவனமும் எச்சிலும் வழிகிறது

கழுத்தை நீட்டுகிறது, இருமுகிறது, விழுங்க முயன்று முடியாமல் தலையைத் தாழ்த்துகிறது, இரண்டு நாசியிலும் பச்சையாகவோ பழுப்பாகவோ நுரை வருகிறது. இப்படி இருந்தால் அவசரமாக விழுங்கிய உலர்தீவனம் உணவுக்குழாயில் அடைத்திருக்கிறது. மூச்சுக்குழாய் அடைபடவில்லை, குதிரை மூச்சு விடும். அதனால் பயந்து எதையாவது உள்ளே தள்ளிவிடாதீர்கள். தீவனம், தண்ணீர் இரண்டையும் எடுத்துவிடுங்கள். தலை தாழ்ந்தே இருக்கட்டும், வழிவது வெளியே வழியட்டும். அமைதியான இடத்தில் நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள். பல அடைப்புகள் தாமாகவே இளகி இறங்கிவிடும். தானாகச் சரியானாலும் அடுத்த சில நாள் காய்ச்சலும் இருமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். அடைப்பு நீங்கியதும், தானியம் அதிகமாகப் போயிருக்குமோ என்ற முதல் கேள்விக்குத் திரும்ப வாருங்கள், அது இன்னும் தீரவில்லை.

அடைப்பு இல்லாமல், வயிற்று வலியோடு மூக்கில் தீவன நீர் வந்தால் கதை வேறு. வாந்தி எடுக்க முடியாத மிருகத்துக்கு அப்படி வந்தால் இரைப்பை வெடிக்கும் அளவுக்கு நிறைந்திருக்கிறது என்று பொருள். அதைவிட அவசரம் இந்தப் பட்டியலில் வேறில்லை.

விலாவைத் திரும்பிப் பார்க்கிறது, தரையைக் கீறுகிறது, உருள்கிறது

இது கோலிக், அதாவது வயிற்று வலி. தானியம் தின்ற சில மணி நேரத்திலேயே வரலாம். இரைப்பை ஊதியதாலும் வரும், குடலில் வாயு சேர்ந்ததாலும் வரும். மேல்உதட்டைச் சுருட்டுவது, அடிக்கடி படுத்து எழுவது, பின்காலால் வயிற்றை உதைப்பது, வியர்ப்பது எல்லாம் இதில் சேரும்.

லேசான வலி என்றால் கயிற்றில் பிடித்து ஐந்து பத்து நிமிடம் மெதுவாக நடத்தலாம். களைக்கும் வரை நடத்துவதில் பலன் கிடையாது. காலில் சூடோ தயக்கமோ தெரிந்தால் நடத்தவே கூடாது. அமைதியாகப் படுத்தால் படுக்கட்டும். வெறிபிடித்து உருளும்போது பக்கத்தில் போகாதீர்கள், சுவரில்லாத திறந்த இடத்துக்கு முடிந்தால் மாற்றுங்கள், முடியாவிட்டால் விலகி நில்லுங்கள்.

இதயத்துடிப்பு 60-ஐத் தாண்டி அங்கேயே நின்றால், வயிற்றின் இரு பக்கமும் காதை வைத்துக் கேட்டுச் சத்தமே இல்லாவிட்டால், மருத்துவருக்கு மறுபடியும் போன் செய்து அதைச் சொல்லுங்கள்.

கடும் வலியில் துடித்த குதிரை சட்டென்று அமைதியானால் நிம்மதி அடையாதீர்கள். ஈறைப் பாருங்கள், காதைத் தொடுங்கள். ஈறு கருஞ்சிவப்பாகவோ நீலம் பாய்ந்தோ இருந்து, உடம்பு குளிர்ந்து நடுங்கி, வியர்வை வழிந்தால் இரைப்பை கிழிந்திருக்கக்கூடும். அதற்குப் பிறகு காப்பாற்ற வழி இல்லை. வேதனையை நீட்டிக்காமல் முடித்துவைப்பதுதான் மருத்துவரால் அதற்குச் செய்ய முடிந்த உதவி. குழாயை ஏன் அவ்வளவு சீக்கிரம் விடவேண்டும் என்று முன்பே அழுத்திச் சொன்னது இந்த நிலை வராமல் இருக்கத்தான்.

சாணம் தண்ணீராகப் போகிறது, ஈறு நிறம் மாறுகிறது

பெரும்பாலும் அரை நாளோ ஒரு நாளோ கழித்து. புளித்த நாற்றத்தோடு இளகிப் போகும், சில சமயம் தானியம் அப்படியே தெரியும். "போகிறதே, எல்லாம் கழிந்து சரியாகிவிடும்" என்று நினைக்கத் தோன்றும். குடல் புண்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கவேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் நிறம் திரும்பவேண்டும். செங்கல் நிறம், அல்லது பல் ஓரத்தில் ஊதாக் கோடு, அல்லது நிறம் திரும்ப 3 வினாடிக்கு மேல் என்றால் நச்சு ரத்தத்தில் ஏறிவிட்டது. இதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது, ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றவேண்டும். குதிரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியுமென்றால் நிற்கும் திராணி இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். பேதிக்கு நடுவிலும் காலில் ஐஸ் வைப்பதை நிறுத்தக்கூடாது. குளம்புக்கு மிக ஆபத்தான நேரம் இதுதான்.

நடக்கத் தயங்குகிறது, முன்கால்களை நீட்டி நிற்கிறது

லேமினைடிஸ். குளம்பின் உட்சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் கோத்து வைத்திருக்கும் மடிப்புத் திசு அழன்று பிரியத் தொடங்கிவிட்டது. குதிரையின் முழு எடையும் அந்தத் திசுவில்தான் தொங்குகிறது. அது விட்டால் எலும்பு சுழலும், அல்லது கீழே இறங்கும். தீவனம் தின்ற 16 மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம்.

நொண்டலுக்கு முன்பே இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. முன்காலின் கணுமூட்டுக்குப் பின்னால், உள்பக்கமும் வெளிப்பக்கமும், விரல் நுனியை லேசாக வைத்து மெதுவாக நகர்த்துங்கள். தோலுக்கடியில் மெல்லிய நாளக்கட்டு ஒன்று வழுக்கி ஓடும். அதன் மேல் விரலை அசைக்காமல் வையுங்கள், அழுத்தினால் நாடி மறைந்துவிடும். நல்ல காலில் நாடி தேடினால்தான் கிடைக்கும், சில சமயம் கிடைக்கவே கிடைக்காது. அழற்சி தொடங்கிய காலில் விரலைத் தூக்கும் அளவுக்குத் துள்ளி அடிக்கும். குளம்பும் மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். இந்தப் பழக்கத்தைக் குதிரை நன்றாக இருக்கும் நாள்களிலேயே கையில் கொண்டுவந்துவிடுங்கள். இயல்பான நாடி எப்படி என்று விரலுக்குத் தெரியாவிட்டால் கெட்ட நாடியும் தெரியாது. (ஐஸ் பையிலிருந்து அப்போதுதான் எடுத்த காலில் சூடு பார்த்துப் பயனில்லை.)

அடுத்த கட்டம் கண்ணுக்கே தெரியும். எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். நேராக நடந்தாலும் வளைந்து திரும்பும்போது தடுமாறும். முன்கால்களை முன்னே தள்ளி, எடையைப் பின்னால் சாய்த்து, குதிகால் ஊன்றி நிற்கும். காலைத் தூக்கச் சொன்னால் கொடுக்காது, மற்றக் காலில் முழு எடையும் விழுமே.

இந்த நிலையில் ஒரு அடிகூடத் தேவையில்லாமல் நடத்தாதீர்கள். "நடந்தால் ரத்த ஓட்டம் வரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒவ்வொரு அடியிலும் அந்தத் திசு இன்னும் கிழியும். நிற்கும் இடத்தில் மணலோ மரத்தூளோ குளம்பு புதையும் அளவுக்கு ஆழமாகப் போடுங்கள். ஐஸைத் தொடருங்கள், நொண்டல் தெரிந்த பிறகும் அதற்குப் பலன் உண்டு. வலி மருந்து மருத்துவர் சொன்ன அளவில் மட்டும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் லாடம் அடிப்பவர் கை வைக்கவேண்டும், மருத்துவரும் அவரும் படத்தைச் சேர்ந்து பார்த்து முடிவெடுப்பது நல்லது. குளம்பின் மேல்விளிம்பில், மயிர் தொடங்கும் இடத்தில், விரல் பதியும் பள்ளம் தெரிந்தால் எலும்பு இறங்குகிறது, உடனே சொல்லவேண்டும்.

குட்டைக் குதிரைகள், கொழுத்துப் பிடரி தடித்தவை, ஏற்கெனவே ஒருமுறை இது வந்தவை, குஷிங் நோய் (பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு) உள்ள வயதானவை ஆகியவற்றுக்குக் கொஞ்சம் தின்றிருந்தாலே இவ்வளவும் வரலாம்.

வியர்க்கிறது, தள்ளாடுகிறது, எழ முடியவில்லை

தின்றது மாட்டுத் தீவனமா, கோழித் தீவனமா என்று முதலில் பாருங்கள். அவற்றில் சிலவற்றில் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். கோழிக்கும் மாட்டுக்கும் அந்த அளவு ஒன்றும் செய்யாது, குதிரைக்கு அது நஞ்சு. மொனென்சின் உடல் எடையில் கிலோவுக்கு 2 அல்லது 3 மில்லிகிராம் போனாலே உயிர் போகலாம். இதயத் தசையைத்தான் தாக்கும். தீவனத்தை வெறுப்பது, வியர்வை, பின்கால் பலவீனம், தாறுமாறான இதயத்துடிப்பு என்று வரும். முறிமருந்து கிடையாது. குதிரையை அசைக்காமல் நிறுத்துங்கள், மூட்டையில் தைத்திருக்கும் லேபிளைக் கிழித்துப் பத்திரமாக வையுங்கள், தீவனத்தில் ஒரு கைப்பிடி சோதனைக்கு எடுத்து வையுங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் இந்த வகைத் தீவனம் என்றால் போனில் முதல் வாக்கியமாக அதைச் சொல்லவேண்டும். பிழைத்த குதிரையின் இதயத்தில் தழும்பு தங்கிவிடக்கூடும், இதய ஸ்கேன் பார்க்காமல் அதன் மேல் ஏறுவது ஏறுபவருக்கே ஆபத்து.

மூன்று நாள் ஆகிவிட்டது, எதுவும் வரவில்லை

நல்லது. நாடி அமைதி, சாணம் உருண்டை, பசி இருக்கிறது என்றால் பெரிய கண்டம் தாண்டியாயிற்று. ஆனாலும் உடனே பழைய தீவனத்துக்குப் போகாதீர்கள். மருத்துவர் சொல்லும் வரை உலர்புல்லும் தண்ணீரும் மட்டும். பின்குடலின் நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்ப நாள் எடுக்கும். தானியம் வேண்டுமென்றால் ஒரு கைப்பிடியில் தொடங்கி 10 முதல் 14 நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். கடுமையான வேலை செய்யாத குதிரைக்குத் தானியம் தேவையா என்றே இந்தச் சாக்கில் யோசித்துப் பார்க்கலாம், பலவற்றுக்கு நல்ல உலர்புல் போதும்.

தீவன அறைக் கதவுக்குச் சாதாரணத் தாழ்ப்பாள் போதாது. குதிரை உதட்டாலேயே அதை நெம்பித் திறந்துவிடும், ஒருமுறை திறக்கக் கற்றது மறுபடியும் வந்து பார்க்கும். கொக்கி தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும் வகையாக, கதவின் வெளிப்பக்கம் குதிரையின் வாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். உள்ளேயும் தீவனத்தை மூட்டையோடு தரையில் வைக்காமல், கிளிப் போட்டு இறுக்கும் மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் வேறு கட்டடத்தில் இருக்கவேண்டும். அறைக்குள், கண்ணில் படும் உயரத்தில், மருத்துவரின் எண்ணையும் ஒவ்வொரு குதிரையின் எடையையும் எழுதி ஒட்டிவையுங்கள்.